கள்ளா, சாராயமா, விஸ்கியா: யாழ்ப்பாணத்துக்குப் புதியவர் தன் நாக்கைத் தானே அறிய ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு முதல் நாள் இரவு போய்ப் பாருங்கள். முன் விறாந்தையில், வெளிநாட்டு மாமா கொண்டுவந்த விஸ்கிப் போத்தல் மேசைக்கு நடுவில் இருக்கும். பந்தல் போட வந்தவர்களுக்குப் பின் வளவில் சாராயம். கள்ளு எடுப்பித்திருந்தால் அது கிணற்றடிப் பக்கம், வாளியில் மூடியபடி. யாருக்கு எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆள் எந்த இடத்தில் இருக்கிறார் என்று பார்த்துத்தான் ஊற்றுவார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக இதைப் பார்த்து வருகிறேன். மாற்றலாகி இங்கே வேலைக்கு வருகிறவர்கள், விடுமுறைக்கு வருகிற ரொறன்ரோ, லண்டன் பிள்ளைகள், இப்போதுதான் குடிக்கத் தொடங்கும் உள்ளூர் இளைஞர்கள், எல்லாரும் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். விஸ்கி மேலே, சாராயம் நடுவில், கள்ளு கீழே. தங்களுக்கு உண்மையில் எது ருசிக்கிறது என்று தெரியாமலே பத்து வருடம் குடித்தவர்களை எனக்குத் தெரியும். அது எனக்கு மனவருத்தமான விஷயம். காசும் போகிறது, உடம்பும் கெடுகிறது, ருசியாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை.

குடிக்காதவர் யாரும் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே முடிவு செய்தவர்களுக்கு மட்டும், நான்கைந்து வார இறுதிகளில் செய்து பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன்.

தொடங்க முன்னம்

இலங்கையில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அது. போயா என்ற பௌர்ணமி நாட்களில் மதுக்கடை திறக்காது, ஆகவே கலண்டரைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் பல வீடுகளில் மீன் இறைச்சி என்ற மச்சமும் இல்லை, குடிவகையும் இல்லை. அந்த நாட்களில் யார் வீட்டுக்கும் போத்தலோடு போகாதீர்கள்.

வெறும் வயிற்றில் வேண்டாம். மோட்டார்சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள். நீரிழிவு, பிரஷர், நித்திரைக் குளிசை என்று ஏதாவது எடுப்பவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். மறுநாள் தலையிடிக்கு என்று பனடோலை அள்ளிப் போடாதீர்கள், குடியும் அதுவும் சேர்ந்தால் ஈரலுக்குக் கூடாது. கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பு பக்கமே போகக் கூடாது. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. மெதனோல் கலந்திருந்தால் கண் பார்வை போகும், உயிரும் போகும். மற்ற எல்லாவற்றிலும் உங்கள் விருப்பம் என்று சொல்வேன், இதில் சொல்ல மாட்டேன்.

முதல் வாரம் கள்ளு

எல்லாரும் பியரில் தொடங்குவார்கள். நான் கள்ளில் தொடங்கச் சொல்கிறேன். காரணம், புளிப்பும் இனிப்பும் மணமும் மணிக்கு மணி மாறுவதைக் கண்ணெதிரே காட்டும் குடிவகை இது ஒன்றுதான். நாக்கைப் பழக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

பனங்கள்ளு வருடம் முழுக்கக் கிடைக்காது. வருடத்தின் முற்பாதியில்தான் அது செழிப்பு. மற்றக் காலத்துக்குத் தென்னங்கள்ளு இருக்கும். பாளையைச் சீவி, முட்டியைக் கட்டி, காலையும் மாலையும் ஏறி இறக்குவார்கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது. அது கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் முட்டியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். மரத்திலிருந்து இறங்கும்போதே அது கள்ளு. நேரம் போகப் போக இனிப்புக் குறையும், வெறி ஏறும், புளிப்பு ஏறும். அடுத்த நாள் அது வினாகிரிப் பக்கம் போய்விடும். எங்கள் வீடுகளில் அப்பத்துக்கு மா புளிக்க வைக்கக் கள்ளு விடுவதும் இந்த ஈஸ்டுக்காகத்தான்.

காலை பத்து மணிக்குள் கள்ளு விற்கும் ஒரு தவறணைக்குப் போங்கள். ஊரில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் தவறணை எது என்று ஓட்டோக்காரரைக் கேட்டால் சொல்வார். போனதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, இது எப்ப இறக்கினது?" நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் வரும். நான் முதலில் கேட்டபோது, அங்கிருந்த ஐயா ஒரு போத்தலைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். "அது நேற்றுப் பின்னேரத்தான் தம்பி. இந்தா, இது விடியத்தான்" என்றார். இரண்டையும் வாங்கினேன். நீங்களும் அப்படியே வாங்குங்கள்.

முதலில் விடியத்தானை ஊற்றிப் பாருங்கள். மேலே வெள்ளை நுரை. பன்னாடையில் வடித்திருந்தாலும் ஓரிரண்டு தேனீயோ எறும்போ மிதக்கும், விரலால் எடுத்துப் போடுங்கள். நிறம் அரிசி கழுவிய தண்ணீர் போல் இருக்கும். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் முதலில் மாவு புளித்த மணம், அதற்குப் பின்னால் நுங்கின் மணம். ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கின் இரு பக்கமும் ஓட விடுங்கள். நாக்கில் இனிப்பும், கன்னத்தின் உட்புறத்தில் ஒரு கிள்ளலும் தெரியும். அப்புறம் நேற்றைய போத்தலுக்குப் போங்கள். கிள்ளல் இப்போது கடியாகியிருக்கும். இனிப்பு அநேகமாக இராது. மணமும் கூர்மையாக மூக்கில் ஏறும்.

இதில் எது நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. நேற்றையதைத்தான் தேடி வந்து குடிக்கிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். உங்களுக்கு எது என்பதை ஒரு சின்னக் கொப்பியில் எழுதுங்கள். "புளிப்புப் பிடிக்கும்", "இனிப்புத் தெரியாவிட்டால் பிடிக்கவில்லை" என்று இரண்டு வரி போதும். பிறகு சாராயத்துக்கும் விஸ்கிக்கும் போகும்போது இந்த இரண்டு வரி உங்களுக்கு உதவும். ஓலையில் மடித்த பிளாவில் தந்தால் அதிலும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், ஓலையின் பச்சை மணம் சேரும்போது ருசி வேறாக இருக்கும். காரமான கணவாய்ப் பொரியலையும் ஆட்டு இரத்த வறையையும் ருசி பார்த்து முடிந்த பிறகு சாப்பிடுங்கள், உறைப்பு ஏறிய நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. கடையில் அடைத்து விற்கும் போத்தல் கள்ளு, புளிப்பதை நிறுத்துவதற்காகச் சூடாக்கியது. அது வேறு ருசி, அதை வைத்துக் கள்ளை எடைபோட வேண்டாம்.

தனிப்பனைக் கள்ளு என்று ஊரில் சொல்வார்கள். ஒரே ஒரு மரத்தில் இறக்கியதை வேறொன்றும் கலக்காமல் குடிப்பது. மருந்துக்கு என்று சிலர் எடுப்பார்கள். அந்த மருத்துவத்துக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் ருசியைப் பொறுத்தவரை மரத்துக்கு மரம் வித்தியாசம் இருப்பது உண்மை. ஸ்கொட்லாந்தில் ஒரே வடிசாலையின் மோல்ட் விஸ்கியைத் தனியாகப் போத்தலில் அடைத்து, அதற்குக் கூடுதல் விலை வைத்து, பெயரை உச்சரிக்கப் பழகிப் பெருமைப்படுகிறார்கள். இங்கே ஒரே மரத்தின் கள்ளைப் பிரித்து அறிகிற ஒரு சீவல் தொழிலாளியின் அறிவு அதற்கு ஒரு துளியும் குறைந்ததில்லை. அவரிடம் கேட்டுப் படிப்பவர்கள்தான் இல்லை.

ஏன் இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கள்ளு கீழே போனதற்கும் நாக்குக்கும் சம்பந்தம் இல்லை. அதை இறக்கியவர்களை இந்தச் சமூகம் எங்கே வைத்தது என்பதுதான் காரணம். அறுபது அடி மரத்தில் நாளுக்கு இரண்டு தரம் ஏறியவர்களைக் கோயிலுக்குள் விடாத ஊர் இது. 1968-இல்கூட மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்குப் போராட வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் கள்ளு பின்படலையால் வரும். கொண்டுவந்தவர் உள்ளே வர மாட்டார், குடித்தவர் வெளியே சொல்ல மாட்டார். நான் வளர்ந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. வேலைக்குப் போன பிறகும் பல வருடம் நான் நாலு பேர் பார்க்கக் கள்ளைத் தொடவில்லை. பிடிக்காமல் இல்லை. யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று விளங்கிய நாளிலிருந்து முன்வாசலால் போய் வாங்குகிறேன். தவறணையில் நீங்களும் அங்கிருப்பவர்களோடு ஒரே வாங்கில் இருந்து குடியுங்கள். ஒரு படம் எடுத்துவிட்டு, இரண்டு மிடறோடு மீதியை வைத்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகளை இதற்காகவே நான் கண்டித்திருக்கிறேன்.

அடுத்தது சாராயம்

இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். இலங்கைச் சாராயம் என்றால் வழமையாகத் தென்னங்கள்ளை வடித்தது. பனங்கள்ளை வடித்த பனஞ்சாராயமும் உண்டு. வடமராட்சியில் திக்கம் வடிசாலை அதற்குப் பேர்போனது. கடையில் கிடைத்தால் கட்டாயம் ஒரு கால் போத்தல் வாங்குங்கள், யாழ்ப்பாணத்துக்கு வந்து அதை ருசிக்காமல் போகக் கூடாது.

போத்தலின் லேபிளைப் படிக்கப் பழகுங்கள். முழுக்கத் தென்னையிலிருந்து வந்த சாராயமும் உண்டு, சீனி ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட் கலந்ததும் உண்டு. விலை குறைந்தவை பெரும்பாலும் கலவைதான். மரப் பீப்பாயில் இருந்து பழையதானது தனி வகை. நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது, எரித்த சீனியாலும் அந்த நிறம் வரும்.

ருசி பார்க்கும்போது சோடாவும் ஐஸும் வேண்டாம். குளிர் மணத்தை அடக்கும், நல்லதையும் கெட்டதையும் சேர்த்து மறைக்கும். இருபது மில்லிலீற்றர் ஊற்றி, உள்ளங்கையால் ஒரு நிமிடம் மூடி வைத்துவிட்டு, வாயைச் சற்றுத் திறந்தபடி மணந்து பாருங்கள். பிறகு ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விடுங்கள். எரிவு தணிந்ததும் மணம் மேலே வரும். நல்ல தென்னஞ்சாராயத்தில் பூவின் மணமும் பழுத்த வாழைப்பழ மணமும் எனக்குத் தெரியும். உங்களுக்கு வேறு ஏதாவது தெரியலாம், அதையே எழுதுங்கள். ருசி தெரிந்துகொண்ட பிறகு இஞ்சிச் சோடா விட்டுக் குடித்தால் யாரும் குறை சொல்ல முடியாது. "சாராயத்துக்குச் சோடா விடுறவன் ஆம்பிளையோ" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

விஸ்கியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஸ்கொச் என்று பெயர் போட வேண்டுமானால் ஸ்கொட்லாந்தில் வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் அங்கேயே இருந்திருக்க வேண்டும். போத்தலில் மதுசாரம் 40 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது. 12 என்று போட்டிருந்தால், அதில் கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையதற்கு 12 வயது என்று அர்த்தம். போத்தலில் அடைத்த பிறகு வயது ஏறாது. ஆகவே மாமா 1998-இல் கொண்டுவந்து ஷோகேசில் வைத்திருக்கும் போத்தல் இன்றைக்கும் அதே 12 வயதுதான். திறந்து குடிக்கச் சொல்லுங்கள், வைத்திருந்து ஒன்றும் வரப் போவதில்லை. பிளெண்டட் என்பது மட்டம் என்று ஒரு கதை உண்டு. அது கலவை என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது, ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பியர் குடிப்பவர்களுக்கு ஒரு விஷயம். இந்த வெயிலுக்கு லாகர்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் நாட்டு லயன் ஸ்டௌட்டை ஒருமுறை ஐஸ் குளிர் இல்லாமல் குடித்துப் பாருங்கள். பிரித்தானியாவின் பெயர்பெற்ற பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் விரும்பிப் பாராட்டியது அது. 8.8 சதவீதம், ஆகவே ஒரு போத்தலோடு நிறுத்துங்கள்.

மூடி வைத்து ஊற்றும் சோதனை

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

லேபிள் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். 2008-இல் கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் ஒரே வைனை ஒருமுறை 10 டொலர் என்றும் இன்னொருமுறை 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றபோது கூடுதலாகப் பிடித்தது என்றார்கள் குடித்தவர்கள். மூளைப் படத்திலும் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி கூடுதலாக வேலை செய்தது தெரிந்தது. 1976 மே மாதம் பாரிசில் லேபிளை மறைத்துக் கொடுத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே தங்கள் வைன்களை விட்டுவிட்டுக் கலிபோர்னிய வைன்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். தொழிலாகச் செய்பவர்களுக்கே அப்படி என்றால் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் செய்வது எளிது. நிறம் தெரியாதபடி ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டம்ளர் எடுங்கள். ருசி பார்க்காத ஒருவர் வேறு அறையில் ஊற்ற வேண்டும். இரண்டில் ஒரே குடிவகை, மூன்றாவதில் வேறு. மூன்றிலும் ஒரே அளவு, ஒரே அளவு தண்ணீர். வித்தியாசமானது எது என்று சொல்லுங்கள். குருட்டுவாக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தரம் சரியாக வரும். ஆகவே இடம் மாற்றி மூன்று தரம் செய்யுங்கள். மூன்றும் தற்செயலாகச் சரிவர 27-இல் ஒரு வாய்ப்புத்தான். இடையிடையே பாண் துண்டும் தண்ணீரும். விழுங்கத் தேவையில்லை, ஒரு கோப்பையில் துப்பலாம்.

வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் மலிவானதை வாங்குங்கள். உங்களுக்கு அது நல்ல செய்தி. பிடிபட்டால் அடுத்த படி: மூன்று வேறு குடிவகைகளை மூடி ஊற்றுவித்து, பிடித்த வரிசையில் எழுதுங்கள். ஒருவரும் கதைக்கக் கூடாது. எல்லாரும் எழுதி முடித்த பிறகுதான் பெயர் சொல்ல வேண்டும்.

ஒரு வருடம் நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு எங்கள் முற்றத்தில் இதைச் செய்தோம். கனடாவிலிருந்து வந்த மச்சான், ஓய்வுபெற்ற ஒரு மாஸ்ரர், அலுவலகத்துத் தம்பி ஒருவர், நான். மச்சான் கொண்டுவந்த 12 வருட விஸ்கி ஒன்று, பழைய தென்னஞ்சாராயம் ஒன்று, கலவைச் சாராயம் ஒன்று. மனைவி உள்ளே ஊற்றி டம்ளருக்கு அடியில் இலக்கம் ஒட்டினாள். மச்சான் வழக்கமாகச் சாராயம் என்றால் முகத்தைச் சுளிப்பவர். அவருடைய தாளில் முதலாவதாகத் தென்னஞ்சாராயம் இருந்தது, விஸ்கி இரண்டாவது. "பிழையா ஊத்தியிருப்பா, இன்னொருக்கா ஊத்தச் சொல்லு" என்றார். மறுபடி ஊற்றினாள், மறுபடியும் அதேதான். மாஸ்ரர் அதற்கு நேர்மாறு. விஸ்கி வெள்ளைக்காரன் பகட்டு, எங்கடை சாமான்தான் சாமான் என்று நாற்பது வருடம் சொல்லி வந்தவர், இரண்டு தரமும் விஸ்கியைத்தான் முதலில் எழுதினார். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பிடிச்சிருக்கு. என்ன செய்யிறது" என்றார். அந்த நேர்மைக்காக அவரை எனக்கு இன்னும் பிடித்துப்போனது. கள்ளுக் குடிப்பவன்தான் அசல் யாழ்ப்பாணத்தான் என்ற பெருமையும் விஸ்கிப் பெருமையைப் போல நாக்கை மறைக்கிறதுதான்.

சபையில்

விருந்தில் உங்களுக்கு விஸ்கி நீட்டப்பட்டு, மனம் சாராயத்தில் இருந்தால், "எனக்குச் சாராயம் தாங்கோ, அதுதான் பிடிக்கும்" என்று நேராகச் சொல்லுங்கள். காரணம் அடுக்க வேண்டாம். மற்றவர் கிளாசைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். ஒருவர் வேண்டாம் என்றால் இரண்டாம் தரம் கேட்காதீர்கள். அவருக்கு ஒரு நெல்லிரசமோ சோடாவோ அதே மரியாதையோடு கொடுங்கள். பெண்களைக் கேட்காமலே விட்டுவிடுவதும் எங்களிடம் உள்ள வழக்கம். பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979-ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 தை மாதத்தில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார், சில நாளில் ஜனாதிபதி அந்த நீக்கத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னார். சட்டம் எப்படி இருந்தாலும், உங்கள் வீட்டு மேசையில் அவர்களுக்கு என்ன விருப்பம் என்று கேட்பது உங்கள் கையில் இருக்கிறது.

நீங்களே விருந்து வைக்கும்போது எல்லாப் போத்தலையும் ஒரே மேசையில் வையுங்கள், கள்ளு முட்டி உட்பட. பந்தல் போட்டவரும் மாமாவும் அந்த மேசைக்கே வந்து எடுக்கட்டும். கள்ளை அன்று காலையில் எடுப்பியுங்கள், பின்னேரத்துக்கு வைத்தால் இனிப்பை விரும்புகிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. வெறும் போத்தல்களைக் கழுவித் தவறணையில் திருப்பிக் கொடுக்கும்போது, அன்றைய கள்ளு எப்படி இருந்தது என்று இறக்கியவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். எந்த மரம் என்று அவர் சொல்லுவார்.